பாவி பிரதரும் பதினாலாம் நம்பர் சீலும்

முதல் நாள் கூட்டத்தில் யார் யார் இருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் தேவராஜ், கையில் ரிஜிஸ்டரோடு. பேக்கிங் ரமணி அக்கா, வாயில் பாக்கோடு. ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ், அரைத் தூக்கத்தில். நான், வெல்டிங் மிஷினில் சாய்ந்துகொண்டு. ஐந்தாவது ஆள் புதுசு. வேறு பிளாண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் சின்ன வேதப் புத்தகம்.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எத்தனை கம்பெனி உண்டோ, அத்தனையிலும் வேலை செய்கிறவர்கள் பாவத்தை எல்லாம் ஒரு தராசில் போட்டாலும் இந்த ஒரு மனிதரின் பாவத்துக்கு ஈடாகாது. நான் சொல்லவில்லை. அவரே சொன்னது.

"ஸ்தோத்திரம். நான் பாவி" என்றார்.

வேறு பெயர் சொல்லவில்லை. பிகாஷுக்குத் தமிழ் தெரியாது. அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டான். அன்று முழுக்க "பாவி பாய், பாவி பாய்" என்று கூப்பிட்டான். அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார். சாயந்திரம் பஸ் ஏறுவதற்குள் எங்களுக்கெல்லாம் அவர் பாவி பிரதர்.

எங்கள் கம்பெனி கார் சீட்டுக்கு அடியில் வருகிற பிராக்கெட் செய்வது. ஒரு தகடு. நாலு ஓட்டை. நாலு நட்டு. நட்டை வைத்து வெல்டு அடிப்பது நான். பார்த்து ஓகே டேக்கில் சீல் குத்துவது பாவி பிரதர். பெட்டியில் அடுக்குவது ரமணி அக்கா. இதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

தினமும் ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிஷம் நின்றபடி கூட்டம் நடக்கும். நேற்று நடந்த தப்பு ஏதாவது இருந்தால் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்பது கம்பெனி சட்டம். யாரோ வெளிநாட்டில் யோசித்து வைத்தது. நான் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் "ஒன்னுமில்ல சார்" என்று சொல்லிவந்தோம். தேவராஜும் ரிஜிஸ்டரில் "இல்லை" என்று எழுதிவந்தார். யாருக்கும் கஷ்டம் இல்லை.

இரண்டாம் நாள் பாவி பிரதர் முறை வந்தது.

"நேத்து மத்தியானம் சூப்பர்வைசர் சாரு ஸ்டோர்ல இருந்து ஒரு பெயின்ட் டப்பாவ பைக்குல வெச்சிக்கினு போனாரு. நான் பாத்தேன். பாத்துட்டும் பாக்காத மாதிரி தலய திருப்பிக்கினேன். அது என் பாவம். எல்லாரும் என்ன மன்னிக்கணும்."

தேவராஜ் பேனா நின்றுவிட்டது.

"யோவ், இன்னாயா பேசற?"

"உங்கள ஒன்னும் சொல்லல சார். என் பாவத்ததான் சொன்னேன்."

அதுதான் அவர் வழி. அடுத்தவன் பாவத்தை அவர் வாய் திறந்து சொல்லவே மாட்டார். தன் பாவத்தைத்தான் சொல்வார். ஆனால் அவர் பாவத்துக்கு எப்போதும் இரண்டு பாதி. ஒரு பாதியில் அவர் இருப்பார். இன்னொரு பாதியில் நம்மில் ஒருவர் இருப்போம்.

மறுநாள் பெயின்ட் டப்பா ஸ்டோருக்குத் திரும்பி வந்தது. அதன் மேல் தேவராஜ் வீட்டுப் பூனையின் முடி ஒன்று ஒட்டியிருந்தது.

புதன்கிழமை கேன்டீனில் முட்டை. ஆளுக்கு ஒன்று. வியாழக்கிழமைக் கூட்டத்தில் பாவி பிரதர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நேத்து ரமணி சிஸ்டர் ரெண்டு முட்ட எடுத்தாங்க. எனக்குப் பொறாம வந்துச்சு. அது என் பாவம்."

ரமணி அக்கா பாக்கைத் துப்பிவிட்டு வந்தார்.

"யோவ், முட்டய தின்னது நானு. பாவம் உனக்கா?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் மூணு எடுக்கறேன். அதையும் உன் பேர்லயே எழுதிக்க."

சொன்னாரே தவிர எடுக்கவில்லை. ஒன்றே ஒன்று எடுத்து, தூரத்தில் இருந்த பாவி பிரதருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒரு மாதத்தில் எங்கள் லைன் திருந்திவிட்டது. டீ இடைவேளை பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான். கிளவுஸ் காணாமல் போவதில்லை. பாத்ரூமில் யாரும் போன் பார்ப்பதில்லை. பக்தி எல்லாம் இல்லை. அவர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். மேனேஜர் இதைத் தேவராஜின் திறமை என்று நினைத்து அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். பழைய பிளாண்டில் ஏன் இவரை விட்டார்கள் என்று அப்புறம்தான் விசாரித்தோம். அங்கே இவர் இருந்த காலத்தில் நாலு சூப்பர்வைசர் மாறினார்களாம்.

எங்கள் இடத்தில் மூன்று டப்பா உண்டு. நல்ல பீஸுக்குப் பச்சை. சரிபண்ணக்கூடிய பீஸுக்கு மஞ்சள். எதற்கும் ஆகாததற்குச் சிவப்பு. சிவப்பில் விழுந்தது பழைய இரும்புக்குப் போகும். பாவி பிரதருக்குச் சிவப்பு டப்பாவில் ஒரு பீஸ் போடுவதற்குள் கண் கலங்கிவிடும். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெளிச்சத்தில் காட்டுவார். என்னிடம் கொண்டுவந்து, "பிரதர், இத எப்டியாச்சும் சரி பண்ணலாமா பாரு" என்பார்.

"ஓட்டையே கிழிஞ்சிருக்கு பிரதர்."

"நானும்தான் கிழிஞ்சிருந்தேன்."

ஒரு தடவை வெளியிலிருந்து ஆடிட்டர் வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். பாவி பிரதரிடம் போய், "குறை உள்ள பீஸ் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். தேவராஜ் பின்னால் நின்று, பேசாதே என்று கையை ஆட்டினார். அதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"சார், நாம பொறக்கும்போதே செவப்பு டப்பா. அதுல சந்தேகமே கெடயாது. நீங்களும்தான். நம்மள எடுத்து மஞ்ச டப்பால போட்டவரு ஒருத்தரு. நாம கேக்கல. நமக்குத் தகுதியும் இல்ல. அதுக்குப் பேரு கிருப."

ஆடிட்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "பச்சை?"

"பச்சைல ஒருத்தர்தான் சார். அவர சிலுவைல அடிச்சிட்டாங்க."

பன்னிரண்டு நிமிஷம் போயிற்று. ஆடிட்டர் போகும்போது, "மூணு டப்பாவையும் இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல" என்றார். ஆடிட்டில் கம்பெனி பாஸ்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அவர் ஓரமாக நிற்பார். முகம் கோணமாட்டார். மறுநாள் கூட்டத்தில் சொன்னார். "நேத்து பிகாஷ் குடுத்த பொரிய தின்னுட்டேன்."

"பொரிதானே பிரதர். அதுல இன்னா பாவம்?" என்றேன்.

"தின்னது பாவமா இல்லையான்னு பாஸ்டர கேக்கணும். ஆனா பொட்டுக்கடல அதிகமா கீற பக்கமா பாத்து அள்ளுனேன். அது பாவம்தான்."

எனக்கு எந்தச் சாமியோடும் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது நேராகக் கேட்டுவிட்டேன். "என்ன மதம் மாத்த வர்றீங்களா பிரதர்?"

"உன்ன மாத்தறதா? அம்பது வருசமா என்னையே மாத்த முடியல."

அந்தப் பஸ்ஸில்தான் டிக்கெட் கதையையும் சொன்னார். வாலிபத்தில் மணிமங்கலத்திலிருந்து தாம்பரத்துக்குப் படியில் தொங்கிக்கொண்டு டிக்கெட் எடுக்காமல் போனாராம். பதினோரு தடவை. இரட்சிக்கப்பட்ட பிறகு அது நெஞ்சைக் குத்தியிருக்கிறது. அதே தடத்தில் பஸ் ஏறி, பதினோரு டிக்கெட் கேட்டார்.

"பதினோரு பேரு எங்கப்பா?" என்றார் கண்டக்டர்.

"நான்தான் சார்."

கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சனியன் தொலையட்டும் என்று கிழித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு ஸ்டாப் தள்ளி செக்கிங் ஏறினார்கள்.

"பதினோரு டிக்கெட் வெச்சிருக்க. மத்தவங்க எங்க?"

"எல்லாம் நான்தான் சார். வேற வேற வருசம்."

செக்கிங் அதிகாரி எண்ணிப் பார்த்து, யோசித்து, கடைசியில் கேட்டார். "சரி. இன்னைக்கு வர்றதுக்கு எங்க டிக்கெட்?"

அதை எடுக்க மறந்துவிட்டார். அபராதம்.

இப்படிப்பட்ட ஆளோடு ஒன்றரை வருஷம் ஓடியது. இனி என் கதைக்கு வருகிறேன். அதில் சிரிப்பு கொஞ்சம் கம்மி.

நான் கான்ட்ராக்ட். எட்டாவது பெயில். வயது நாற்பத்து மூன்று. ஆறு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் வேலை முடிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடங்கும். அந்த வருஷம் லைனில் ஒருவரைப் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னார்கள். தேவராஜ் என் பெயரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் நான் ஆகிவிட்டது என்றே சொல்லிவிட்டேன். அது தனிப் பாவம்.

மாசக் கடைசி. மத்தியானம் இரண்டரை. ராம்பில் லாரி நின்றது. ஆறு டிராலி தயார். ஒவ்வொரு டிராலியிலும் ஓகே டேக். டேக்கில் சீல் விழாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. பாவி பிரதரின் சீல் ரப்பர் சீல். வட்டம். நடுவில் பதினாலு. டேக்கில் கட்டத்துக்கு நடுவே, கோடு போட்ட மாதிரி நேராகக் குத்துவார். குத்துவதற்கு முன்னால் பீஸ் பீஸாகப் பார்ப்பார். முடித்ததும் ஒரு சின்ன ஜெபம். டிராலிக்கு இருபது நிமிஷம்.

அந்த நேரம் பார்த்து பிகாஷ் விரலில் தீப்பொறி பட்டது. கத்தினான். பாவி பிரதர் அவனைக் கைத்தாங்கலாக முதலுதவி ரூமுக்கு அழைத்துக்கொண்டு ஓடினார். எப்போதும் டிராயரைப் பூட்டிச் சாவியை வேதப் புத்தகத்துக்குள் வைக்கிறவர். அன்றைக்குப் பூட்டவில்லை. ரமணி அக்கா பெட்டி எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தார்.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். ஆபீசிலிருந்து தேவராஜ், "இன்னும் இன்னாயா பண்றீங்க அங்க?" என்று கத்தினார். ஆறு வருஷமாக நட்டு வைக்கிறேன். என் பீஸ் எனக்குத் தெரியாதா. டிராயரை இழுத்தேன். சீலை எடுத்தேன். ஆறு டேக்கிலும் குத்தினேன். லாரி போய்விட்டது.

மூன்றாம் நாள் கார் கம்பெனியிலிருந்து போன். பிராக்கெட்டில் மூன்று நட்டுதான் இருக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, பல பீஸ். என் மிஷினில் நட்டு வருகிற குழாய் நடுவில் அடைத்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அவர்கள் லைன் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் கார் லைன் நிற்பதற்கும் வீட்டில் சாவு விழுவதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு மேனேஜரே வந்தார். கையில் அந்த டேக். உயர்த்திக் காட்டினார்.

"பதினாலு யாரோடது?"

நான் டேக்கைப் பார்த்தேன். அவசரத்தில் தலைகீழாகக் குத்தியிருந்தேன். ஆறும் அப்படித்தான் இருந்திருக்கும். பதினாலு தலைகுப்புற நின்றது. பாவி பிரதர் ஒன்றரை வருஷத்தில் ஒரு சீலைக்கூடச் சாய்த்துக் குத்தியதில்லை. இது மேனேஜருக்குத் தெரியாது. தேவராஜுக்குத் தெரியும். ரமணி அக்காவுக்குத் தெரியும். பிகாஷுக்கே தெரியும். பாக்கி இருந்தது யார் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தது நான் ஒருவன்தான்.

பாவி பிரதர் ஒரு அடி முன்னால் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். வழக்கமான நிற்பு. என் ஆறு வருஷம் அங்கே முடிந்தது என்று நினைத்தேன்.

"சீல் என்னுது சார். அன்னைக்கு டிராயர பூட்டாம போனேன். அது என் பாவம்."

நிறுத்தினார்.

நாங்கள் எல்லோரும் அடுத்த பாதிக்குக் காத்திருந்தோம். ரமணி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தேவராஜ் தரையைப் பார்த்தார்.

அடுத்த பாதி வரவில்லை.

"பூட்டல. அப்புறம்? வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் மேனேஜர்.

"நெறைய கீது சார். எல்லாம் என்னுதுதான். போன வாரம் ஜெபத்துல தூங்கிட்டேன். நேத்து பஸ்ஸுல ஜன்னல் சீட்டுக்கு ஒரு கெழவர முந்திக்கினு போனேன். செவ்வாக்கெழம..."

"போதும் போதும்."

அவர் பர்மனென்ட். வேலை போகாது. சீல் போயிற்று. மேனேஜர் கையை நீட்டினார். பாவி பிரதர் டிராயரைத் திறந்து, சீலைத் துணியால் துடைத்து, மை ஒட்டாத பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். மெமோ கொடுத்தார்கள். கார் கம்பெனியின் குடோன் தண்டலத்தில் இருந்தது. அங்கே இருக்கிற நம் சரக்கு மொத்தத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு. சனி, ஞாயிறு இரண்டு நாளும்.

கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"ஏன் பிரதர் சொல்லல?"

"நீ சொல்லாதன்னு கேட்டியா?"

"இல்ல."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

சோப்பைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார்.

சனிக்கிழமை எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை வார லீவு. பிள்ளைப்பாக்கம் சந்தில் தகரக் கொட்டகை சபைக்கு அவர் ஞாயிறு தவறாமல் போவார். காய்ச்சலிலும் போவார். அன்றைக்குப் போகவில்லை, என்னால். நான் பஸ் பிடித்துத் தண்டலம் போனேன்.

குடோனில் பெட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பச்சை டப்பா. ஒரு பக்கம் சிவப்பு. அவருக்குள்ளேயே பாட்டு முனகல். ஆராதனையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார் போல. நான் ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு பிராக்கெட்டைக் கையில் எடுத்தேன்.

பட்டென்று கையில் அடித்தார்.

"கீழ வை."

"என் தப்பு பிரதர். நான் பாக்கறேன்."

"வைன்றேன் இல்ல. எனக்குத் தெரியும் நீ இன்னா பண்றன்னு. வேல செஞ்சி அடைக்கப் பாக்கற."

"ஆமா."

"சும்மா குடுத்தத கூலி குடுத்து வாங்கறியா? கிருபய அசிங்கப்படுத்தாத."

எனக்கும் கோபம் வந்தது. "நீங்க மட்டும் பதினோரு டிக்கெட் எடுத்தீங்களே? அது இன்னாவாம்?"

"எடுத்தேன். இன்னா ஆச்சி? பன்னெண்டாவதுல மாட்னேன். அதத்தான்டா சொல்றேன். நம்மால அடச்சி முடியாது."

எழுந்தேன்.

"எங்க போற?"

"வூட்டுக்கு."

"போகக் கூடாது. குந்து."

"குந்தி?"

"ஒன்னும் பண்ணாத. சும்மா குந்து. நான் பாக்கறேன், நீ குந்திக்கினு இரு."

உட்கார்ந்தேன். பதினாலு வயதில் வேலைக்கு வந்தவன் நான். செங்கல் சூளை, லாரி ஷெட், இந்தக் கம்பெனி. எங்கேயும் எவனும் என்னைச் சும்மா உட்காரச் சொன்னதில்லை. சொன்னால் அது வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன்னால்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைக்கு அடியில் வைத்தேன். அரை மணியில் முதுகு வலித்தது. ஒரு மணியில் தலை வலித்தது. என் கண் எதிரே ஒரு ஐம்பது வயது மனிதர் குனிந்து குனிந்து எடுக்கிறார், பார்க்கிறார், வைக்கிறார். என் கை தானாக நீளும். பார்க்காமலேயே, "கை" என்பார். உள்ளே இழுத்துக்கொள்வேன்.

நடுவில் குடோன் வாட்ச்மேன் வந்து என்னை உற்றுப் பார்த்தார். பாவி பிரதரிடம் கேட்டார்.

"யாரு இவரு, ஆபீசரா? சும்மா குந்திக்கினு கீறாரு?"

"அவரு கிருபைல கீறாரு."

"அது எந்த டிபார்ட்மென்ட்டு?"

"மேல."

வாட்ச்மேன் எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். டீ வந்தபோது முதல் டம்ளர் எனக்குத்தான் கொடுத்தார்.

அப்படி ஆறு மணி நேரம். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வேலை செய்ததில்லை.

சாயந்திரம் கடைசிப் பெட்டி முடிந்தது. அவர் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்டேன்.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிட்டா இன்னா பிரதர்?"

"எனக்குத் திருப்பிக் குடுக்கறதுக்குன்னா சொல்லாத."

"அதுக்கு இல்ல."

"பின்ன?"

யோசித்தேன். "வாய்க்குள்ள கெடக்குது" என்றேன்.

"அது உன் பாடு" என்றார். வெளியே போய் முகம் கழுவினார்.

திங்கட்கிழமைக் கூட்டம். தேவராஜ் ரிஜிஸ்டரைத் திறந்தார். மேனேஜரும் நின்றார். பாவி பிரதர் சீல் இல்லாமல் வரிசைக் கடைசியில் நின்றார். என் முறை வந்தது. ஆறு வருஷமாக "ஒன்னுமில்ல சார்" சொன்ன வாய்.

"சீல் குத்துனது நான் சார். பிரதர் இல்ல."

தேவராஜ் ரிஜிஸ்டரை மூடினார். "உனக்குப் பைத்தியமாயா?" என்று மெதுவாகக் கேட்டார். என் பெயரை அவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

ரமணி அக்கா சத்தமாகவே சொன்னார். "ஒரு பாவி போதாதுன்னு ரெண்டாவது பாவி."

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் கார் லைன் நின்றது நின்றதுதான். பன்னிரண்டு மணிக்கு கான்ட்ராக்டர் ஆள் வந்தார். ஷூவையும் ஐடி கார்டையும் வாங்கிக்கொண்டார். பர்மனென்ட் பட்டியலில் என் பெயருக்கு மேல் கோடு. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு செருப்போடு கேட்டுக்கு நடந்தேன். பின்னால் ஓடிவருகிற சத்தம். பாவி பிரதர். மூச்சு வாங்கியது. கையில் பதினாலாம் நம்பர் சீல்.

"குடுத்துட்டாங்க" என்றார். அந்தச் சீலைப் பார்த்து ஒருவர் அவ்வளவு துக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. "உனக்குக் குடுத்தது வீணாப் போச்சேடா."

"வீணாப் போகல பிரதர். நாலு நாள் வெச்சிருந்தேன்."

செக்யூரிட்டி "உள்ள போங்க, உள்ள போங்க" என்றான். அவர் போகவில்லை. நான் ரோட்டைத் தாண்டி ஷேர் ஆட்டோ ஏறும் வரைக்கும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் கூட்டத்தில் அதையும் சொல்லியிருக்கிறார். "நேத்து டியூட்டி நேரத்துல பதினஞ்சு நிமிசம் கேட்ல நின்னேன். அது பாவம் இல்ல. ஆனா சொல்லிடறேன்." ரமணி அக்கா போனில் சொன்னது.

வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. அப்புறம் சரியாயிற்று. பதினெட்டாம் நாள் பிள்ளைப்பாக்கம் பக்கம் வேறு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். பம்ப்புக்கு மூடி செய்கிற இடம். மறுபடி கான்ட்ராக்ட். ஒன்றிலிருந்து எண்ணிக்கை.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறு, மத்தியானம் வீட்டுப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டையில் பாவி பிரதர் வந்தார். சபை முடிந்து நேராக வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. வேதப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னா பிரதர் சேதி?"

"ஒன்னுமில்ல. சும்மா குந்தலாம்னு வந்தேன்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். போகும்போது, "வாராவாரம் இப்டி வர முடியாது. பஸ்ஸு சரியில்ல. இனிமே வரமாட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். போகும்போது அதையே சொன்னார்.

நான் எதையும் எண்ணி வைக்கிற ஆள் இல்லை. இதை மட்டும் எண்ணுகிறேன்.

முப்பத்தொரு ஞாயிறு.